பிஎச் பேனா மீட்டர்: பல பருவப் பயன்பாட்டுக்குப் பிறகு

மண்ணின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் எண்ணை அளக்க, மண்ணில் நேரே குத்தும் இரண்டு முனைக் கருவியைத் தவிர்த்துவிடலாம். பேட்டரி வேண்டாம், விலையும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இரு உலோக முனைகளுக்கிடையே எழும் சிறு மின்னோட்டத்தைத்தான் அதன் முள் காட்டுகிறது. ஈரம் கூடினாலோ, கொஞ்சம் இறுக்கிக் குத்தினாலோ எண் மாறும்.

கண்ணாடிக் குமிழ் வைத்த பேனா மீட்டர் நம்பகமானது, பராமரித்தால். நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண் 10 கிராமுக்கு வாலை வடிநீர் 25 மி.லி. ஊற்றி, அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கலக்கி அளக்க வேண்டும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறனையும் (அதற்கான மீட்டரில்) பார்ப்பதானால் மண் படிந்ததும் முதலில் அதை அளந்துவிடுங்கள். பிஎச் முனையிலிருந்து கசியும் பொட்டாசியம் குளோரைடு அந்த எண்ணை உயர்த்திவிடும்.

மீட்டர் கெடுவது பெரும்பாலும் குமிழ் காய்ந்துபோவதால்தான். மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் எப்போதும் சில சொட்டு இருக்கட்டும். சுத்தம் என்று நினைத்து வாலை வடிநீரில் ஊறப்போட்டால் உள்ளிருக்கும் உப்பு வெளியேறி, எண் ஓரிடத்தில் நிற்காது. எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் முனை ஓரிரு ஆண்டுகளே உழைக்கும். அதைத் தனியே மாற்றக்கூடிய மாடலே லாபம். மீட்டரைச் சரிபார்க்க, பிஎச் தெரிந்த தரக்கரைசல் 7.0 ஒன்று போதாது. மண் புளிப்பானால் 4.0, காரமானால் 9.2 கரைசலிலும் சரிபார்க்க வேண்டும்.

பிஎச் 8.5-க்கு மேல், மின்கடத்து திறன் குறைவு என்றால் சோடியம் மிகுந்த களர் நிலமாக இருக்கலாம். மண்ணைத் திருத்த ஜிப்சம் இடும் பேச்சு அங்கேதான். மின்கடத்து திறன் மட்டும் உயர்ந்திருந்தால் அது உப்பு மிகுந்த உவர் நிலம். அதற்கு வடிகாலும் நல்ல நீரும் வேண்டும், ஜிப்சம் பயன் தராது.

மீட்டரைக் குறை சொல்லும் முன் மாதிரி எடுத்த விதத்தைப் பாருங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவி இருந்த இடம், அண்மையில் உரமிட்ட சால் எல்லாம் விலக்கு. 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, மேலிருந்து 15 செ.மீ. வரை சீரான கனத்தில் சீவிக் கலக்க வேண்டும்.

மண் இறுகிப்போனதை இந்த மீட்டர் சொல்லாது. அதற்கு, 15 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையத்தை மண்ணில் பாதி இறக்கி, சுமார் 440 மி.லி. நீர் ஊற்றினால் 2.5 செ.மீ. உயரம் நிற்கும். முதல் முறை மண்ணை நனைக்க மட்டும். அதே அளவு நீரை இரண்டாம் முறை ஊற்றி வடியும் நேரத்தைக் குறியுங்கள்; மண் இறுகியிருந்தால் மெதுவாக வடியும். வெடித்த கரிசலில் இதைச் செய்யாதீர்கள், நீர் வெடிப்பு வழியே ஓடி நல்ல மண் என்று ஏமாற்றும்.