ஸ்டீல் மெஷரிங் கப் செட்: மில்லி குத்தியிருக்கான்னு பாத்து வாங்குங்க

பாண்டில வீட்ல கேக் செய்யறவங்க யாராச்சும் மெஷரிங் கப் தேடிட்டு இருந்தா இது உங்களுக்குத்தான். நேரு வீதி பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக் கடைல ஸ்டீல் செட் வாங்கினேன், நாலு கப்பு நாலு ஸ்பூன், 300 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. தாராளமா வாங்கலாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது, கைப்பிடில மில்லி கணக்கை நல்லா அழுத்தி குத்தியிருக்காங்க, எவ்ளோ தேய்ச்சாலும் போகாது. பிளாஸ்டிக் செட்ல எழுத்து அழிஞ்சு போய் எது எதுன்னே தெரியாது. மில்லி ஏன் முக்கியம்னா கப்புங்கிறது ஊருக்கு ஊர் வேற. அமெரிக்கா ரெசிபின்னா கிட்டத்தட்ட 240 மில்லி, ஆஸ்திரேலியான்னா 250, ஜப்பான்ல 200, ரைஸ் குக்கரோட வர்ற கப்பு 180தான். நம்ம ஆழாக்கு பழைய கணக்குல 168. இட்லிக்கு நாலுக்கு ஒன்னுன்னு போடறப்ப எந்த டம்ளர்ல அளந்தாலும் ஒன்னுதான், ஆனா கேக்குல மூணு முட்டைன்னா மூணு முட்டைதான், கப்பு சின்னதா போச்சுன்னு முட்டை சின்னதாகாது இல்ல, குக்கர் கப்புல மைதா அளந்தா கால் பங்கு அங்கயே அவுட்.

அளவு சரியான்னு கிச்சன் தராசுல தண்ணி ஊத்தி பாத்தேன் (தண்ணி 1 மில்லி 1 கிராம், அதனால யாரு வேணாலும் செக் பண்ணிக்கலாம்). 250னு போட்ட கப்பு விளிம்பு வரைக்கும் ரொப்பினா 249 கிராம் வந்துச்சு, அரை கப்பு கரெக்டா 125. ஆனா கால் கப்புல 60னு போட்டிருக்கு, 1/3 கப்புல 80. கணக்குப்படி 250ல கால்வாசி 62.5 வரணும். அதாவது கால் கப்பால நாலு வாட்டி அளந்தா 240, பெரிய கப்பால ஒரு வாட்டி அளந்தா 250. நிறைய செட் இப்படித்தான் வருது. அமெரிக்கா ரெசிபிக்கு நான் கால் கப்பையே நாலு வாட்டி போடறேன், சரியா வருது.

ஸ்பூன் 15, 5, 2.5, 1.25 மில்லி. பேக்கிங் சோடாவுக்கு கத்தி முதுகால வழிச்சு விட்டா போதும். ஆஸ்திரேலியா ரெசிபில டேபிள்ஸ்பூன் 20 மில்லி, அதுக்கு 15 மில்லி ஸ்பூன் ஒன்னு, 5 மில்லி ஸ்பூன் ஒன்னு.

பிரான்ஸ்ல இருக்குற சொந்தக்காரங்க அனுப்புற ரெசிபில பாலு, ரம்மு எல்லாம் சென்டிலிட்டர்ல இருக்கும், பயப்படாதீங்க, பத்தால பெருக்கினா மில்லி. 25 சென்டிலிட்டர் பால்னா இந்தப் பெரிய கப்பு ஒன்னு, 10 சென்டிலிட்டர் ரம்முன்னா ஒரு கால் கப்பும் ரெண்டு டேபிள்ஸ்பூனும் போட்டா 90, இன்னும் ரெண்டு டீஸ்பூன் சேத்தா முடிஞ்சுது. மாவு கிராம்ல போட்டிருந்தா மட்டும் தராசுதான், கப்புக்கு மாத்தாதீங்க, மைதா அமுக்கி ரொப்பினா எடை தாறுமாறா ஏறிடும்.

குறைன்னா, கால் கப்புக்கு கைப்பிடி நீளம், வெயிட்டும் ஜாஸ்தி, காலியா கீழ வெச்சா சாயுது. எண்ணெய், பாலுக்கு விளிம்பு வரைக்கும் ஊத்தி தூக்கறது கஷ்டம், அதுக்கு கோடு போட்ட கண்ணாடி ஜக்கு ஒன்னு தனியா வாங்கிக்கோங்க. அதே கடைல வெறும் 1, 1/2னு மட்டும் போட்ட செட்டும் வெச்சிருக்காங்க, விலை கம்மி, அதை எடுக்காதீங்க, மில்லி போட்டதா காட்டுங்கன்னு கேளுங்க, எடுத்துத் தருவாங்க.