ஆறு குளிர்காலமும் ஒரு சிறுத்தைப் பல்லியும்

என் மகன் முதலில் கேட்டது பாம்பு. விஷமில்லாத, சாதுவான சோளப்பாம்புதான். ஆனால் என் அம்மா கரும்புத் தோட்டத்து வீட்டில் மாம்பா என்னும் கொடிய விஷப்பாம்புக்குப் பயந்தே வளர்ந்தவர். "பாம்பு வாசலுக்குள் வந்தால் நான் உன் மாமா வீட்டுக்குப் போய்விடுவேன்" என்று பேரனிடம் சொல்லிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் நாங்கள் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில், கொல்லையில் பாம்பைக் கண்டு பாம்புபிடிப்பவரை அழைத்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வயதானவரின் தூக்கத்தைக் கெடுக்கும் பிராணி எங்களுக்கு வேண்டாம்.

ஆமையும் சரிப்படவில்லை. சிறுத்தை ஆமை இந்த நாட்டுக் காடுகளிலும் இயல்பாக வாழ்வது. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அதை வைத்திருக்க எஸெம்வெலோ வனவிலங்கு அமைப்பின் அனுமதி வேண்டும். சாலையோரத்தில் கண்டதைத் தூக்கிவருவது சட்டப்படி தவறு. தாடி ஓணான் எனக்கே பிடித்திருந்தது. ஆனால் அதற்குப் பகலெல்லாம் புறஊதா விளக்கு, 40 டிகிரிவரை சூடேறும் ஓரிடம், நான்கடி நீளப் பெட்டி, தினமும் கீரை, பூச்சி எல்லாம் வேண்டும். எங்கள் கூடத்தில் அவ்வளவு இடமில்லை.

கடைசியில் 2019இல் வந்தது சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய வறண்ட பகுதிகளின் இனம். எங்களுடையது கூண்டிலேயே பிறந்தது. மகன் 'புள்ளி' என்று பெயர் வைத்தான். சுவரில் ஓடும் நம் வீட்டுப் பல்லியைப் போல இதன் விரல்களில் ஒட்டும் பட்டை கிடையாது, கண்ணாடியில் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு, சிமிட்டும். அம்மா முதல் வாரம் முழுவதும் அது எந்தத் திசையிலிருந்து சொல்கிறது என்று காது கொடுத்தார். அது சொல்லவே இல்லை. பல்லி சாஸ்திரத்துக்கு இது உதவாது என்று தெரிந்ததும் பயமும் பாதி போய்விட்டது.

நாங்கள் செய்த பெரிய தவறு, கடையில் சொன்னார்கள் என்று பெட்டியில் மணல் பரப்பியது. குட்டி இரையோடு மணலையும் விழுங்கிவிடும், குடல் அடைத்துக்கொள்ளலாம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் சொன்ன அன்றே மணலைக் கொட்டிவிட்டுத் தரை ஓடு பதித்தோம். அந்த மருத்துவரைத் தேடவே இரண்டு வாரம் ஆயிற்று. நாய், பூனை பார்ப்பவர்கள் எல்லாரும் பல்லியைப் பார்ப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே ஒருவரைக் கண்டுபிடித்து வையுங்கள்.

அடுத்தது சூடு. இரை செரிக்க வயிற்றுக்குக் கீழே சூடு வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத் தரை 32 டிகிரி அளவில் இருக்க வேண்டும், மறுபக்கம் குளிர்ச்சியாக. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத வெப்ப விரிப்பு பல்லியைச் சுட்டுவிடும். பெட்டி, விரிப்பு, தெர்மோஸ்டாட் மூன்றும் சேர்ந்து பல்லியின் விலையைத் தாண்டின. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

2022, 2023 மின்வெட்டுக் காலத்தில்தான் சரியான பிராணியைத் தேர்ந்தோம் என்று உணர்ந்தேன். இங்கே டர்பனில் ஆடி மாதம் கடுங்குளிர்; கோயிலில் கூழ் ஊற்றும் நாட்களில் விடியற்காலை 11, 12 டிகிரிக்கு இறங்கும். இரண்டு மணி நேரம் மின்சாரம் போனாலும் தரை ஓடு சூட்டைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். பெட்டிக்கு மேல் கம்பளி போர்த்துவோம். மின்சாரம் வந்து ஓடு மறுபடி சூடேறிய பிறகே புழு போடுவோம்.

தோல் உரிக்கும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உடம்பு முழுவதும் சாம்பல் பூசியதுபோல வெளுக்கும். பிறகு மூக்கைக் கல்லில் தேய்த்து, சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவதுபோல் இழுத்து, இழுத்ததை அப்படியே தின்றுவிடும். இரண்டாம் ஆண்டு ஒரு விரலில் தோல் துணுக்கு சிக்கியதை நாங்கள் கவனிக்கவில்லை. அது நூல் கட்டியதுபோல் இறுகி, விரல் நுனி கருத்து விழுந்துவிட்டது. அந்தக் குட்டை விரலைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனம் வலிக்கிறது. இப்போது ஈரப்பாசி வைத்த டப்பா எப்போதும் உள்ளே இருக்கிறது. உரித்ததும் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறோம்.

மற்றபடி அதிக வேலையில்லை. ஓட்ஸில் வளரும் மாவுப்புழு, கரப்பான் வகை, வெட்டுக்கிளி, அவற்றின் மேல் சுண்ணாம்புச்சத்துப் பொடி. வால் தடிமனாக இருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். கொழுப்பை அங்கேதான் சேர்க்கிறது. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழன்றுவிடும். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இது 15, 20 ஆண்டு வாழும். வாங்கும்போது மகனுக்குப் பதினொன்று. அடுத்த ஆண்டு பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறான். புள்ளியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா என்று சென்ற வாரம் கேட்டேன். அம்மா புழு டப்பாவில் கேரட் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே, "ஏன், நான் இல்லையா?" என்றார்.