கோல்கனனா, சாம்பா, பேக்கனும் கோஸுமா? ஓர் ஐரிஷ் அடுப்படி அலசல்

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அன்றிலிருந்து டப்ளினில் மாலை ஐந்து மணிக்கே இருட்டு. ஈரக் கோட்டோடு வீட்டுக்குள் நுழையும்போது அடுப்படியில் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: ஒரு பை உருளைக்கிழங்கு, ஒரு முட்டைக்கோஸ், கொஞ்சம் வெங்காயத்தாள், பால், வெண்ணெய். இவற்றை வைத்து ஐரிஷ்காரர்கள் காலங்காலமாகச் சமைத்துவரும் சாப்பாடுகளில் மூன்று எனக்குப் பிடித்தவை. கோஸ் கலந்த கிழங்கு மசியலான கோல்கனன், வெங்காயத்தாள் போட்ட மசியலான சாம்ப், உப்பிட்ட பன்றி இறைச்சியோடு வேகும் பேக்கனும் கோஸும். பல குளிர்காலங்களாக இவற்றை மாற்றி மாற்றிச் சமைத்ததில் எனக்கென்று ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. வாரநாள் இரவுக்குக் கோல்கனன்தான். ஆனால் மற்ற இரண்டையும் ஏன் விடமாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றும் ஒரே மாதிரிப் பொருள்களில் செய்தவைதான், ருசி மட்டும் எங்கெங்கோ போகிறது. காரணம் தண்ணீர். கோல்கனனில் கோஸின் தண்ணீர் கிழங்கில் இறங்கிவிட்டால் எல்லாம் கெட்டது. சாம்பில் அந்தக் கவலையே கிடையாது, பால்தான் வேலை செய்கிறது. பேக்கனோடு வேகும் கோஸுக்கோ அந்தப் பானைத் தண்ணீரே உயிர். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மூன்றும் எனக்கு ஒழுங்காக வர ஆரம்பித்தன.

முதலில் கிழங்கு

எதைச் சமைத்தாலும் மாவுக் கிழங்காக இருக்க வேண்டும். அயர்லாந்தில் கிழங்கைப் பாராட்டுவதென்றால் “மாவு உருண்டை” என்பார்கள். வெந்ததும் தோல் வெடித்து, உள்ளே வெள்ளையாகப் பொலபொலவென்று உதிர வேண்டும். கடையில் சுலபமாகக் கிடைப்பது சிவப்புத் தோல் ரூஸ்டர். கார்லோ மாவட்டத்து ஓக் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டு, 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த ரகம். இன்றைக்கு அந்த நாட்டில் அதிகம் விளைவதும் அதுதான். ரூஸ்டர் நம்பகமானது, எதற்கும் ஒத்துவரும். ஆனால் மசியலுக்கென்றே வாங்குவதானால் நான் கெர்ஸ் பிங்க் எடுப்பேன். கோல்டன் வொண்டர் அதைவிடவும் மாவு, ருசியும் அதிகம். ஆனால் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் அசந்தால் கரைந்தே போகும். அதை ஆவியில் வேகவைப்பதுதான் நல்லது.

மாவுக் கிழங்கு மேல் இந்த மக்களுக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று யோசித்திருக்கிறேன். 1845-க்கு முன்னால் ஏழைக் குடியானவர்கள் பெரும்பாலும் பயிரிட்டது லம்பர் என்ற ரகம். ஈரப்பதம் மிகுந்த, ருசி குறைந்த கிழங்கு. மோசமான மண்ணிலும் கொட்டிக் கொடுக்கும் என்பதால் அதையே நம்பி இருந்தார்கள். ஒரு கூலித் தொழிலாளி நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ கிழங்கும் மோரும் சாப்பிட்டே உயிர் வாழ்ந்தார். அந்த வருடம் வந்த அழுகல் நோயில் வயல்கள் கருகின. 1852-க்குள் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள், அதற்கும் அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். பட்டினியும் நோயும் கொன்ற அதே காலத்தில் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடைகளும் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. இந்தக் கதை தெரிந்த பிறகு ஒரு கிழங்கைக்கூட என்னால் அலட்சியமாகத் தோல் சீவ முடிவதில்லை.

சரி, வேகவைப்பதற்கு வருவோம். ஒரு கிலோ கிழங்கைக் கழுவி, தோலோடு, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்து அடுப்பை ஏற்றுங்கள். வெந்நீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்து நடுப்பக்கம் கல்லாக நிற்கும். கொதித்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் முக்கால்வாசித் தண்ணீரை வடித்துவிட்டு, மூடி போட்டு, சிம்மில் மிச்சத்தை ஆவியிலேயே வேகவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி எனக்குக் காட்டிக்கொடுத்த வழி இது. வெந்ததும் முழுக்க வடித்து, பானையின் மேல் ஒரு சுத்தமான துணியைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் மிச்ச ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும். சூட்டோடு தோலை உரித்துக் கையால் மசிக்க வேண்டும். ஒரு தடவை நேரமில்லை என்று மிக்ஸியில் போட்டேன். பிளேடு மாவுச்சத்தை உடைத்துவிட, கிழங்கு பசையாகிவிட்டது. போஸ்டர் ஒட்டலாம் என்கிற அளவுக்கு. அதைச் சரிசெய்ய வழியே இல்லை, கொட்டத்தான் வேண்டியிருந்தது.

கோல்கனன்

கிழங்கு மசியலில் கோஸோ கேல் கீரையோ கலந்தது. பெயரே ஐரிஷ் மொழியில் ‘வெள்ளைத் தலைக் கோஸ்’ என்ற பொருளில் வந்தது. அக்டோபர் 31, ஹாலோவீன் இரவுச் சாப்பாடு இது. அன்றைக்கு மசியலுக்குள் மோதிரம், நாணயம், தையல் விரலுறை, பொத்தான் எல்லாம் ஒளித்துவைப்பார்கள். மோதிரம் கிடைத்தால் சீக்கிரம் கல்யாணம், நாணயம் கிடைத்தால் பணம், விரலுறை வந்த பெண்ணும் பொத்தான் வந்த ஆணும் கல்யாணமாகாமலே இருப்பார்கள் என்று நம்பிக்கை. கல்யாணமாகாத பெண்கள் தங்கள் காலுறையில் கோல்கனனை நிரப்பி வாசல் கதவில் தொங்கவிடுவதும் உண்டாம். அந்தக் கதவு வழியாக முதலில் நுழைகிற ஆள்தான் மாப்பிள்ளை.

இதில் கேலா கோஸா என்று ஒரு பெரிய வழக்கே நடக்கும். கேல் போட்டதுதான் அசல் என்று சாதிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேலுக்கு நல்ல கரும்பச்சை, மெல்லிய கசப்பு, வாயில் ஒரு பிடிமானம். பனி விழுந்த பிறகு பறித்தால் இனிப்பும் ஏறும். ஆனால் நடுத்தண்டை உருவி எடுத்தாக வேண்டும், வேகவும் நேரம் பிடிக்கும். சுருக்கம் சுருக்கமான இலையுள்ள சவாய் கோஸ் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும், கிழங்கோடு சேர்ந்து மெத்தென்று உட்காரும். நவம்பர், டிசம்பரில் நல்ல கேல் கிடைத்தால் கேல். மற்றபடி என் கை சவாய் பக்கம்தான் போகிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் இறுக்கமான வெள்ளைக் கோஸ் இதற்கு அவ்வளவு எடுபடாது. நிறமும் வராது, தண்ணீரும் அதிகம்.

ஒரு கிலோ கிழங்குக்கு 300 கிராம் கோஸ் போதும். மெல்லியதாக நறுக்கி, ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீரும் ஒரு துண்டு வெண்ணெயும் போட்டு, பெரிய தீயில் மூடாமல் ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் கந்தக வாடை கிளம்பும். கோஸைப் பிடிக்காது என்று சொல்பவர்களில் பாதிப்பேர் அந்த வாடையைத்தான் சொல்கிறார்கள். இனிதான் முக்கியமான இடம். வடிதட்டில் கொட்டி, ஒரு தட்டை வைத்து அழுத்துங்கள். தண்ணீர் நின்றுவிட்டது என்று தோன்றும். நம்பாதீர்கள், துணியில் சுற்றி இன்னொரு முறை முறுக்கிப் பிழியுங்கள். பச்சையாக, அரை டம்ளருக்கு மேல் வரும். கோல்கனனைக் களியாக்குவது அந்த அரை டம்ளர்தான்.

250 மில்லி பாலில் ஆறு வெங்காயத்தாளை நறுக்கிப் போட்டுச் சூடாக்கி, மசித்த கிழங்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, கடைசியில் கோஸைச் சேர்த்து, உப்பும் மிளகும் போடுங்கள். தட்டில் குவித்து நடுவில் கரண்டியால் ஒரு குழி. அதில் நல்ல துண்டாக வெண்ணெய். அயர்லாந்தில் வெண்ணெய் என்றாலே உப்புப் போட்டதுதான், புல் மேய்ந்த மாட்டின் பாலில் வருவதால் மஞ்சள் நிறமாக இருக்கும். அது உருகிக் குளமாகத் தேங்கும். ஓரத்திலிருந்து கிழங்கை எடுத்து அந்தக் குளத்தில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். குழியின் கரை உடைந்து வெண்ணெய் ஓடிவிடாமல் கடைசி வாய் வரை கொண்டுபோவதில் குழந்தைகளுக்கு அப்படி ஒரு கவனம்.

சாம்ப்

வடக்கே அல்ஸ்டர் பகுதியின் பெருமை இது. அங்கே டோனகல் மாவட்டத்தில் இதைப் பவுண்டீஸ் என்பார்கள். அந்தக் காலத்தில் பீட்டில் என்ற பெரிய மர உலக்கையால் பானையிலேயே இடித்திருக்கிறார்கள். உள்ளே கோஸ் கிடையாது. ஒரு பெரிய கட்டு வெங்காயத்தாளைப் பாலில் நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தப் பாலோடே கிழங்கில் கொட்டி மசிப்பார்கள். வெண்ணெய்க் குளம் இதற்கும் உண்டு. வசந்தத்தில் இளம் காஞ்சொறித் தளிரைப் போட்டும் செய்வார்கள்.

கோஸ் வேண்டுமென்றால் தனியாக வெண்ணெயில் வதக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பிழிய வேண்டாம், கலக்க வேண்டாம், வேலை பாதி. உடம்புக்கு முடியாத நாளில், வயிறு எதையும் ஏற்காத நாளில் எனக்கு சாம்ப்தான். கோல்கனனைவிட மிருதுவானது. ஆனால் முழுச் சாப்பாடாக எடுத்துக்கொண்டால் பாதித் தட்டிலேயே ஒரே ருசியாகத் தோன்றும். கோஸின் கடி அங்கே இல்லாதது தெரியும்.

பேக்கனும் கோஸும்

பேக்கன் என்றதும் காலையில் பொரிக்கும் மெல்லிய துண்டை நினைக்க வேண்டாம். அதை ஐரிஷ்காரர்கள் ராஷர் என்பார்கள். இது உப்பில் ஊறிய பன்றி இறைச்சி, ஒரே முழுத் துண்டு. குடிசைக்குக் குடிசை ஒரு பன்றி வளர்த்த காலத்தில் அதற்கு ‘வாடகை கட்டும் கனவான்’ என்று பெயர். விற்ற காசு நிலச்சொந்தக்காரருக்குப் போய்விடும். அதனால் இறைச்சி வீட்டுத் தட்டுக்கு வருவதே ஒரு விசேஷம்.

அமெரிக்காவில் மார்ச் 17, புனித பேட்ரிக் தினத்தன்று சாப்பிடும் கார்ன்ட் பீஃபும் கோஸும் இதன் வாரிசுதான். உப்பிட்ட மாட்டிறைச்சியை 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கார்க் துறைமுகம் உலகெங்கும் ஏற்றுமதி செய்தது. ஆனால் உள்ளூர் ஏழைக்கு அது எட்டாத பொருள். நியூயார்க் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அங்கே யூதக் கசாப்புக் கடைகளில் மாட்டின் நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது, பேக்கன் இருந்த இடத்துக்கு அது வந்துவிட்டது. டப்ளினில் விருந்தாளிக்கு அதைச் செய்து வைத்து ஐரிஷ் சாப்பாடு என்றால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

பன்றியின் கழுத்து, தோள் பக்கத்துக் காலர் துண்டை ஒன்றரைக் கிலோ வாங்கி முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் புதுத் தண்ணீரில் மெல்லக் கொதிக்கவிடுங்கள். ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் இருபது நிமிடம், மேற்கொண்டு ஒரு இருபது. இறைச்சியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அதே தண்ணீரில் கோஸைப் போடுங்கள். உப்பும் கொழுப்பும் இலைக்குள் ஏறி கோஸின் குணமே மாறிவிடும். மேலே பார்ஸ்லி சாஸ்: 25 கிராம் வெண்ணெய், 25 கிராம் மைதா, 300 மில்லி பால், ஒரு கைப்பிடி பார்ஸ்லி. பாலோடு பானைத் தண்ணீரில் ஒரு கரண்டி சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். அந்தத் தட்டில் கிழங்கை மசிக்கவே கூடாது என்பது என் கட்சி. தோலோடு வெந்த முழுக் கிழங்குதான் சாஸை உறிஞ்சும்.

ருசியை மட்டும் பார்த்தால் மூன்றிலும் இதுதான் மேல். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முதல்நாளே நினைவு வைத்திருக்க வேண்டும், சமைக்கவும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகும். ஞாயிறு மதியம், நாலு பேர் மேசைக்கு வருகிற நாளுக்கென்றே உள்ள சாப்பாடு. பன்றி இறைச்சி சாப்பிடாத வீட்டில் பேச்சுக்கே இடமில்லை.

கோல்கனன் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மாமிசம் இல்லை, அதுவே முழுச் சாப்பாடு. அப்புறம் இன்னொரு காரணமும் உண்டு, மறுநாள் காலை. மிஞ்சிய பேக்கனை ரொட்டிக்குள் வைக்கலாம், சரி. மிஞ்சிய சாம்ப் இளகி இருப்பதால் கல்லில் நிற்காது. ஈரம் பிழிந்து செய்த கோல்கனன் இரவெல்லாம் ஃப்ரிட்ஜில் இருந்து இறுகியிருக்கும். வடை தட்டுவது போலத் தட்டி, லேசாக மைதாவில் புரட்டி, வெண்ணெய் விட்ட இரும்புக் கல்லில் போடுங்கள். உடனே திருப்பாதீர்கள். ஓரங்களில் கோஸ் கருகத் தொடங்கும் வாசனை வரட்டும், பிறகு திருப்பினால் அடியில் பழுப்பாக ஒரு மொறுமொறுப்பு. மேலே ஒரு அரைவேக்காட்டு முட்டை.