மானோமீட்டர் எடுக்காமல் கேஸ் திருகைத் திருப்புகிறவரை நம்பாதீர்கள்

வெந்நீர் சூடு பத்தவில்லை என்று சொல்லி ஆளைக் கூப்பிடுகிறீர்கள். வந்தவர் கேஸ் ஹீட்டரின் மூடியைக் கழற்றுகிறார், கேஸ் வால்வில் இருக்கும் சின்னத் திருகை நாலு சுற்று சுற்றுகிறார், தீயை எட்டிப் பார்க்கிறார், "பிரஷர் செட் பண்ணியாச்சு" என்று பில் போடுகிறார். பையிலிருந்து மானோமீட்டர், அதாவது கேஸ் அழுத்தத்தை அளக்கும் கருவி, வெளியே வரவில்லை. கேஸ் மீட்டர் பக்கம் அவர் போகவே இல்லை. இப்படிச் செய்த ஒரு வேலை எங்கே போய் நின்றது என்பதை எண்களோடு எழுதுகிறோம். இதில் போவது காசு மட்டும் இல்லை, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும் வழியும் இதுதான்.

அந்த ஹீட்டர் குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவில் ஓடுவது. ஸ்டிக்கரில் உள்ளீடு (முழுத் தீயில் கேஸ் தரும் வெப்பம்) 24 கிலோவாட், வால்வைத் தாண்டிய பர்னர் அழுத்தம் 9 மில்லிபார், ஹீட்டருக்கு வந்து சேர வேண்டிய லைன் அழுத்தம் 20 மில்லிபார். உண்மையான கோளாறு ஹீட்டருக்கு முன்னால் இருந்த கேஸ் ஃபில்டரில். அது அடைத்துப்போய், ஹீட்டர் எரியும்போது லைன் அழுத்தம் 11-க்கு இறங்கியிருந்தது, பர்னரில் 6 மட்டுமே. முதலில் வந்தவர் எதையும் அளக்காமல் திருகை உள்ளே முறுக்கினார். தீ ஏறவில்லை, ஏறவும் முடியாது. உள்ளே வரும் கேஸே குறைவு என்றால் வால்வின் ரெகுலேட்டர் ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கும். அதற்கு மேல் திருகுவதால் ஒன்றும் நடக்காது. ஆனால் திருகு அங்கேயே நிற்கும்.

பிறகு வேறொருவர் ஃபில்டரைச் சுத்தம் செய்தார். லைன் அழுத்தம் 19-க்குத் திரும்பியதும், முறுக்கி வைத்த திருகு தன் வேலையைக் காட்டியது. பர்னரில் 13.5 மில்லிபார், அதாவது 29 கிலோவாட்டுக்கு மேல். வெந்நீர் கொதித்தது, வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. ஆறு வாரத்தில் தீயின் நுனி மஞ்சளாகி, தீயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் செம்பு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் தகடுகளுக்கு நடுவே கரி அடைத்துக்கொண்டது. கரி அடைத்தால் புகை மேலே போக வழி குறையும், எரிப்புக்கான காற்றும் குறையும், இன்னும் கரி சேரும். அந்த நிலையில்தான் கார்பன் மோனாக்சைடு எகிறும். அதற்கு வாசனை கிடையாது.

கண்ணால் தீயைப் பார்த்து அழுத்தம் சொல்ல யாராலும் முடியாது. 9 மில்லிபாரிலும் 12-லும் தீ நீலமாகவே இருக்கும். உள்ளீடு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும்: 20 சதவீதம் கூட வேண்டும் என்றால் அழுத்தத்தை 44 சதவீதம் ஏற்ற வேண்டும். அவ்வளவு ஏற்றினால்தான் சூடு வரும் என்றால், கோளாறு அந்தத் திருகில் இல்லை என்று அர்த்தம்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு திருகையும் தொட வேண்டாம். வீட்டில் மற்ற கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் அணையுங்கள், எப்போதும் எரியும் பைலட் தீ இருந்தால் அதையும். ஹீட்டரை அதிகபட்சச் சூட்டில் வைத்து குழாயை முழுதாகத் திறந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். இப்போதைய ஹீட்டர்கள் தேவைக்கேற்பத் தீயைத் தானே குறைத்துக்கொள்ளும், அரைத் தீயில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. பிறகு மீட்டரில் 0.1 கன மீட்டர் ஓட எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பாருங்கள். இயற்கை எரிவாயு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 38.5 மெகாஜூல் தரும், உங்கள் பில்லில் சரியான எண் இருந்தால் அதையே எடுங்கள். 0.1 கன மீட்டர் என்றால் 3850 கிலோஜூல். அதை விநாடிகளால் வகுத்தால் கிலோவாட். 24 கிலோவாட் ஹீட்டர் என்றால் 160 விநாடி ஆக வேண்டும். மேலே சொன்ன ஹீட்டருக்கு ஆனது 131 விநாடி.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: ஸ்டிக்கரில் இருக்கும் கிலோவாட் நிகர மதிப்பா, மொத்த மதிப்பா என்று பாருங்கள். புகையில் இருக்கும் நீராவி குளிர்ந்தால் தரும் சூட்டையும் சேர்த்தது மொத்தம், அதைச் சேர்க்காதது நிகரம். பில்லில் வருவது பெரும்பாலும் மொத்த மதிப்பு. ஸ்டிக்கரில் நிகரம் என்றால் அதை 1.11-ஆல் பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சரியாக எரியும் ஹீட்டர் 11 சதவீதம் கூடுதலாக எரிவதாகத் தோன்றும். 5 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் பேசாமல் விட்டுவிடுங்கள்.

சிலிண்டரில் ஓடும் ஹீட்டருக்கு மீட்டர் இருக்காது, எடைதான் வழி. காற்றோட்டமான இடத்தில் சிலிண்டரை டிஜிட்டல் தராசில் நிறுத்தி, ஹோஸ் இழுபடாமல் தளர்வாக விட்டு, முழுத் தீயில் பத்து நிமிடம் எரியவிடுங்கள். எல்பிஜி கிலோவுக்கு ஏறக்குறைய 49.5 மெகாஜூல் தரும், ஆகவே 24 கிலோவாட்டுக்குச் சுமார் 290 கிராம் குறைய வேண்டும்.

தண்ணீர்ப் பக்கமும் பாருங்கள். ஒரு நிமிடத்தில் வரும் லிட்டரை, சூடு ஏறிய டிகிரியால் பெருக்கி 14.3-ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போன கிலோவாட். 85 சதவீதத் திறனுள்ள 24 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு 29 டிகிரிதான் ஏற்றும். கேஸ் அளவு சரியாக இருந்து தண்ணீர்ச் சூடு மட்டும் குறைந்தால், பெரும்பாலும் உள்ளே உப்புப் படிந்திருக்கும். அதைக் கேஸ் திருகால் தீர்க்க முடியாது.

அழுத்தம் அளப்பது பயிற்சி பெற்றவர் வேலை. ஆனால் அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லைன் அழுத்தத்தை ஹீட்டர் முழுத் தீயில் எரியும்போது, வீட்டின் மற்ற அடுப்புகளும் எரியும்போது பார்க்க வேண்டும். எரியாமல் நிற்கும்போது 20 காட்டி, எரியும்போது 11-க்கு இறங்குவதைத்தான் அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை. லைன் சரியான பிறகே வால்வின் பர்னர் பக்கச் சோதனை முனையில் அளக்கலாம்.

தண்ணீர் ஊற்றிய யு வடிவக் குழாயில் அளப்பவர்களிடம் ஒரு தவறு அடிக்கடி வரும். 9 மில்லிபார் என்றால் சுமார் 92 மில்லிமீட்டர் தண்ணீர்: ஒரு காலில் 46 இறங்கும், இன்னொன்றில் 46 ஏறும், இரண்டையும் கூட்ட வேண்டும். ஒரு காலை மட்டும் பார்ப்பவர் 4.5 மில்லிபார் என்று நினைத்து, சரியாக இருக்கும் வால்வை ஏற்றிவிடுவார்.

திருகைக் கால் சுற்றாகத் திருப்பி, நிறுத்தி, அளவு நிலைத்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். பெரும்பாலான வால்வுகளில் வலப்பக்கம் திருப்பினால் ஏறும். முடித்ததும் சோதனை முனையின் திருகை இறுக்கி, ஹீட்டரை எரியவிட்டுச் சோப்பு நுரை போட்டுக் கசிவு பார்க்காமல் மூடியை மாட்டவே கூடாது. ஃபேன் வைத்த, காற்றையும் கேஸையும் முன்பே கலந்து எரிக்கும் கண்டென்சிங் ஹீட்டர் என்றால் இந்த வழி பொருந்தாது. அதைப் புகையில் இருக்கும் வாயுக்களை அளக்கும் அனலைசர் வைத்து மட்டுமே தொட வேண்டும்.

பர்னருக்குக் கேஸ் பாயும் சின்ன ஓட்டையான ஜெட்டை ஊசியால் குத்துபவர், டிரில் போடுபவர் யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். 1.20 மில்லிமீட்டர் ஓட்டை 1.30 ஆனால் பரப்பு 17 சதவீதம் கூடிவிடும், பிறகு எந்த அழுத்தத்தில் வைத்தாலும் கணக்கு தப்பும். இயற்கை எரிவாயு ஜெட்டோடு ஹீட்டரை எல்பிஜிக்கு மாற்றித் தருகிறேன் என்பவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். எல்பிஜிக்கு ஒரே கொள்ளளவில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு வெப்பம்.

அடுத்த தடவை ஆள் வருமுன் அந்தத் திருகை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பல வால்வுகளில் அதன் மேல் ஒரு சொட்டு வார்னிஷ் முத்திரை இருக்கும். அந்த வீட்டு வால்வில் சிவப்பு வார்னிஷ் பெயர்ந்து, பித்தளைப் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவர் நழுவிய கீறல் பளபளத்தது. பில்லில் மூன்று எண் கேளுங்கள்: எரியும்போது லைன் அழுத்தம், பர்னர் அழுத்தம், கேஸ் ஓடிய விநாடி. இவை இல்லாமல் "செட்டிங்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தீ மஞ்சளாக, மூடியில் கரி, குளிக்கும்போது தலைவலி என்று எது தெரிந்தாலும் சோதனை செய்துகொண்டிருக்க வேண்டாம். கேஸை மூடி, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள். ஹீட்டரைச் சரிபார்த்து அளவுகள் எழுதித் தரும்வரை அதை எரிய வைக்காதீர்கள். அந்த வீட்டில் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிக் கழுவி, பர்னரை 9 மில்லிபாருக்குக் கொண்டுவந்த பிறகு 0.1 கன மீட்டருக்கு 159 விநாடி ஆனது. முதல் ஆளுக்குக் கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை.