அரை மாதச் சம்பளம் கொடுத்து ஒரு கேள்வித்தாளை வாங்கினேன்

எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறு) இருக்கிறதா என்று ஓர் இணையத் தளம் மதிப்பிட்டுத் தந்த எட்டுப் பக்க அறிக்கையை நேற்று மாலை மனநல மருத்துவர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்ய முடியாது" என்று என் பக்கமே தள்ளிவைத்தார். அந்த எட்டுப் பக்கங்களுக்கு நான் கொடுத்தது என் அரை மாதச் சம்பளம். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுதவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

வயது வந்த ஒருவருக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்று மதிப்பிட ஆள் கிடைப்பதே அரிதாக இருக்கிறது. முதலில் பார்த்த மருத்துவர் அது குழந்தைகளுக்கு வருவது என்றார். அடுத்தவர், பட்டம் முடித்து வேலையிலும் இருப்பவருக்கு அப்படி எதுவும் இருக்காது என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். பொது மருத்துவமனையில் முறை வர எட்டு மாதமாகும் என்றார்கள். அந்தச் சலிப்பில்தான் ஓர் இணையவழி மனநலச் சேவைத் தளத்துக்குப் போனேன்.

அங்கே அரட்டைப் பெட்டியில் பேசிய பெண், நான் இரண்டு வரி எழுதியதுமே, "இத்தனை ஆண்டுகளாக உங்களைச் சோம்பேறி என்று சொன்னவர்களிடம் நீங்கள் அப்படியில்லை என்று காட்டத்தான் நாங்கள் இருக்கிறோம்" என்று பதில் எழுதினார். என்னிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. கண் கலங்கிய அந்த நிமிடத்திலேயே, மனநல மருத்துவருடன் ஒரு மணி நேர நேர்காணல், எங்கும் செல்லுபடியாகும் அறிக்கை என்ற வாக்குறுதியை நம்பி முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். எல்லோரிடமும் இதே வரியைத்தான் ஒட்டுகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

கிடைத்தது என்ன? உலக சுகாதார நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் 18 கேள்விகள் கொண்ட சுயமதிப்பீட்டுப் படிவம் ஒன்றும், 'ஆலோசகர்' என்று மட்டும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவருடன் பன்னிரண்டு நிமிடக் காணொளி அழைப்பும்தான். அறிக்கையில் மருத்துவரின் பதிவெண்ணும் இல்லை, கையொப்பமும் இல்லை.

அந்தப் படிவம் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டுமா என்று காட்டுமே தவிர, நோயை உறுதிசெய்யாது என்று நேற்றைய மருத்துவர் விளக்கினார். 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் வரையறையின்படி, 17 வயதோ அதற்கு மேலோ ஆனவரிடம் கவனக்குறைவு, மிகையியக்கம் என்ற இரு பிரிவுகளில் ஏதேனும் ஒன்றிலாவது குறைந்தது 5 அறிகுறிகள் இருக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வெளிப்பட வேண்டும். பதற்றமோ மனச்சோர்வோ அதற்குக் காரணமில்லை என்பதும் தெளிவாக வேண்டும். தூக்கக் குறைவையும் தைராய்டுக் கோளாறையும்கூட விசாரிக்க வேண்டுமாம். என் பள்ளிக்கால மதிப்பெண் அட்டைகளை யாரும் கேட்கவில்லை. என் அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவரிடம் கேட்டிருந்தால், நான் தொலைத்த பென்சில் பெட்டிகளின் கணக்கை மட்டுமே ஒரு மணி நேரம் சொல்லியிருப்பார்.

நேற்றைய சந்திப்புக்கு முன்பே, அறிக்கை வந்த கையோடு பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தேன்; அப்போதுதான் அந்தத் தளத்தாருடைய சாமர்த்தியம் புரிந்தது. முதல் பதில், தானியங்கி வாழ்த்து. இரண்டாவது, "உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்." மூன்றாவதாக நான்கு படிவங்களை அனுப்பி, 48 மணி நேரத்துக்குள் நிரப்பாவிட்டால் கோரிக்கை முடிந்ததாகக் கொள்ளப்படும் என்றார்கள். படிவத்தைத் தள்ளிப்போடுவதும் கெடுவை மறப்பதும்தான் என் சிக்கல் என்று சொல்லித்தானே அவர்களிடமே போனேன்! இரண்டு படிவங்களை நிரப்பினேன், மூன்றாவதைப் பாதியில் விட்டேன், கோரிக்கையை மூடிவிட்டார்கள். மறுபடி எழுதியபோது, "அறிக்கை வழங்கப்பட்டுவிட்டதால் சேவை நிறைவுற்றது" என்ற ஒற்றை வரி வந்தது. அரை மாதச் சம்பளம் அந்த ஒற்றை வரியோடு போயிற்று.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. உங்களை மதிப்பிடப்போகிறவரின் பெயரையும் பதிவெண்ணையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். உங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றி யாரிடம் விசாரிப்பார்கள் என்று கேளுங்கள். மருந்து எழுதிக்கொடுக்கக்கூடிய ஒரு மருத்துவர் அந்த அறிக்கையை ஏற்பாரா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். எட்டு மாத வரிசையில் இன்று காலை பெயர் கொடுத்துவிட்டேன். பழைய மதிப்பெண் அட்டைகளைத் தேடி எடுத்துவைக்கும்படி அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன், என்னிடம் இருந்தால் தொலைந்துவிடும்.