காளவாசல் பாலிஷ் கடையில் பழைய மாருதி

மதுரை வெயிலில் பல ஆண்டுகள் நிழலின்றி நின்று, கூரையும் பானட்டும் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளிறிப்போயிருந்த எங்கள் சிவப்பு மாருதி 800-ஐக் காளவாசல் அருகே உள்ள ஒரு சிறிய பாலிஷ் கடையில் விட்டேன். கடைக்காரர் வண்டியை நன்றாகக் கழுவி, வண்டி துடைக்கவென்றே உள்ள மென்மையான களிமண் கட்டியால் ஒட்டியிருந்த அழுக்கை எடுத்த பின்பே, பெயிண்டின் மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்டைத் தொட்டார். மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு இல்லாத பழைய பெயிண்ட் என்பதால், இயந்திரத்தின் பஞ்சு வட்டு சிறிது நேரத்திலேயே குங்குமம்போல் சிவந்துவிட, நான் பதறியதைக் கண்டு, வெயிலில் செத்த மேல்தோல்தான் போகிறது என்று விளக்கினார். பெயிண்ட் மெல்லியதாக இருக்கும் விளிம்புகளில் டேப் ஒட்டிக் காத்ததும் பிடித்திருந்தது. ஆனால் கறுப்பு பம்பரில் வெள்ளையாகப் படிந்த காம்பவுண்டைத் துடைக்காமலே வண்டியைக் கொடுத்துவிட்டார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நானே தேய்த்து எடுத்தேன். கூரையில் பெயிண்ட் உரிந்த இடத்துக்குப் பாலிஷ் உதவாது, மறுபடி பெயிண்ட் அடிப்பதே வழி என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். இறுதியாகப் பூசிய மெழுகின்மேல் இப்போது மழைநீர் முத்து முத்தாக உருள்கிறது.