உடல்நலம் எப்படி என்று கேட்பதா, கதை சொல்லிக் கேட்பதா, அளந்து பார்ப்பதா?

"பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?" மிக நன்று என்பதிலிருந்து மிக மோசம் வரை ஐந்து பதில்கள், ஒன்றைச் சொன்னால் போதும். உடல்நலக் கணக்கெடுப்புகளில் கேட்கப்படும் இந்தச் சின்னக் கேள்வியின் வலிமையை நான் மதிக்கிறேன். 1997-ல் ஐட்லர், பென்யாமினி என்ற இரு ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 'மோசம்' என்றவர்கள் முன்னதாக இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டின, இருக்கும் நோய்களைக் கழித்துப் பார்த்த பிறகும்.

ஆனால் ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடும்போது இதே கேள்வி தடுமாறுகிறது. நீண்ட ஆயுளுள்ள கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம், பீகாரில் மிகக் குறைவு, அமெரிக்காவில் கேரளத்தைவிடவும் அதிகம் என்று 2002-ல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார். படிப்பும் மருத்துவ வசதியும் இல்லாத இடத்தில், ஆண்டுக்கணக்கான வலியும் வயதின் இயல்பாகிவிடுகிறது. மொழியும் குழப்பும். ஆங்கிலத்தில் 'சுமார்' என்ற பொருளில் வரும் 'ஃபேர்', ஸ்பானியத்தில் 'ரெகுலார்' ஆகிறது. அங்கே அது ஏறக்குறைய 'வழக்கம்போல' என்றே ஒலிக்கும். அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடிவிட, ஸ்பானியம் பேசுவோர் உள்ளதைவிட நோயாளிகளாகத் தெரிகிறார்கள்.

இதற்கு மாற்றாக வந்தது கதை முறை. 'ஒருவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முட்டிவலியால் தூக்கம் கெடுகிறது. அவர் நிலை எப்படி?' என்று எல்லோரிடமும் கேட்பார்கள். ஒரு குழு 'நன்று' என்றும் இன்னொன்று 'மோசம்' என்றும் சொன்னால், அவரவர் அளவுகோல் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அதை வைத்துத் தங்களைப் பற்றி அவர்கள் சொன்னதைத் திருத்தலாம். 2002-04-ல் உலக சுகாதார நிறுவனம் சுமார் 70 நாடுகளில் இதைச் செய்தது. நேரம் பிடிக்கும். பதில் சொல்பவர் தனக்கும் கதை மனிதருக்கும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார் என்று நம்பவும் வேண்டும்.

மூன்றாவது, கருவியால் கைப்பிடி வலுவை அளப்பது போன்ற வழி. ஐம்பது வயதைத் தொட்டவர்களைப் பற்றி ஐரோப்பாவில் 2004-ல் தொடங்கிய 'ஷேர்' ஆய்வு இதைச் சேர்த்துக்கொண்டது. டேனிஷ்காரர்கள் தங்கள் நலத்தை உயர்த்தியும் ஜெர்மானியர்கள் தாழ்த்தியும் சொல்லும் போக்கு அத்தரவிலிருந்துதான் தெரிந்தது. மனச்சோர்வோ தீராத வலியோ கருவியில் முழுதாகப் பதியாது, அவ்வளவுதான்.

ஒரே மக்களை ஆண்டுதோறும் தொடர ஒற்றைக் கேள்வியே போதும். எந்தக் குழுவுக்கு எவ்வளவு நிதி என்று முடிவெடுக்க அதை மட்டும் நம்புவதை நான் ஏற்கமாட்டேன். பொறுத்துப் பழகியவர்கள் நலமானவர்களின் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். முழு ஆய்வுக்கும் பணம் இல்லையென்றால், பதிலளிப்போரில் ஒரு பகுதியினரிடமாவது இரண்டு மூன்று கதைகளைக் கேட்டுவிட வேண்டும்.